விட்டு விட்டு நடந்தவர்கள்

இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையை ஒட்டி ஓர் ஒற்றையடிப் பாதை போகிறது. ஸாமர்ஸெட் ஜில்லாவில் மைன்ஹெட் என்ற ஊரில் ஆரம்பித்து, வடக்கு டெவன், கார்ன்வால், தெற்கு டெவன், டார்ஸெட் என்று அந்த நாட்டின் கால் பாகத்தைச் சுற்றிக்கொண்டு வந்து, பூல் துறைமுகத்தின் வாயிலில் மணலில் முடிகிறது. மொத்தம் 630 மைல். இரண்டு முனைகளுக்கும் நேர்கோடு இழுத்தால் நூறு மைல் தேறாது. வழியில் உள்ள ஏற்றங்களையெல்லாம் கூட்டினால் 35,000 மீட்டர் வரும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஏறக்குறைய நாலு எவரெஸ்ட்.

இந்தப் பாதையைப் பற்றி இங்கிலீஷில் புஸ்தகங்கள் நிறைய இருக்கின்றன. அவற்றில் பெயர் பெற்ற மூன்றைச் சமீபத்தில் ஒன்றன்பின் ஒன்றாகப் படித்தேன். மூன்றும் மோசமான புஸ்தகங்கள் அல்ல. ஒன்று நன்றாகச் சிரிக்க வைக்கிறது; ஒன்றில் நல்ல வாக்கியங்கள் இருக்கின்றன; ஒன்றை முடிக்காமல் கீழே வைக்க முடியவில்லை. ஆனால் மூன்றிலும் எனக்கு ஒரே குறை. மூன்று ஆசிரியர்களும் ஒரே மூச்சில் நடக்கிறார்கள். அல்லது ஒரே மூச்சில் நடந்ததாகத் தோன்றும்படி எழுதுகிறார்கள். அந்தப் பாதையை முடித்தவர்களில் பெரும்பாலோர் அப்படி நடந்தவர்கள் அல்ல. ஒரு ஈஸ்டர் விடுமுறையில் நாலு நாள், அடுத்த வருஷம் செப்டம்பரில் ஒரு வாரம், பிறகு குழந்தை பிறந்ததால் மூன்று வருஷம் ஒன்றுமில்லை என்று, விட்ட இடத்தை மறுபடி தொட்டுத் தொட்டுப் பத்து வருஷம் இருபது வருஷம் நடக்கிறார்கள். பாதையைக் கவனித்துக்கொள்ள உதவும் சங்கம் ஒன்று 1973லிருந்து இருக்கிறது. முழுவதும் நடந்தவர்களுக்கு அது ஒரு சான்றிதழ் தருகிறது. எத்தனை நாளில் முடித்தாய் என்று அந்தச் சங்கம் கேட்பதில்லை. கேட்கிறவர்கள் புஸ்தகப் பிரசுரகர்த்தர்கள்தான்.

இது சின்ன விஷயம் என்று சிலர் நினைக்கலாம். கதை எழுதிப் பிழைக்கிற எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரே மூச்சில் நடந்தால் நடைக்கு ஆரம்பம், நடு, முடிவு என்று ஒரு கதைக் கட்டு தானாகக் கிடைத்துவிடுகிறது. புறப்படுகிறவன் துக்கத்தோடு புறப்படுவான். போய்ச் சேருகிறவன் ஏதோ தெளிந்து போய்ச் சேருவான். நடுவில் மழை பெய்யும், கால் கொப்புளிக்கும், யாரோ ஒரு நல்ல ஸ்திரீ தேநீர் கொடுப்பாள். விட்டு விட்டு நடக்கிறவனுக்கு இந்த வசதி கிடையாது. அவன் பாதி துக்கத்தில் வீட்டுக்குத் திரும்பி, வாடகை கொடுத்து, பல் பிடுங்கிக்கொண்டு, வேறு ஒரு துக்கத்தோடு மறுபடி வந்து நிற்கிறான். அவனை வைத்துக் கதை எழுதுவது கஷ்டம். கஷ்டம் என்பதால்தான் எழுதிப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

இந்தப் பாதையே துண்டு துண்டாகப் பிறந்தது. ஒரு காலத்தில் அந்தக் கரை கள்ளக் கடத்தலுக்குப் பேர்போனது. பிராந்தியும் தேயிலையும் புகையிலையும் தீர்வை கட்டாமல் இரவில் வந்து இறங்கும். அதைப் பிடிக்க ஸர்க்கார் கரைக் காவலர்களை வைத்தது. ஒவ்வொரு குடாவுக்குள்ளும் எட்டிப் பார்க்க வேண்டியது அவர்கள் வேலை. பாதை இப்படி வளைந்து வளைந்து, மலையுச்சியிலிருந்து விழுந்துவிடுவோமோ என்கிற அளவுக்கு விளிம்பை ஒட்டிப் போவதற்கு அதுதான் காரணம்; அழகைப் பார்த்து யாரும் போட்ட பாதை அல்ல. அந்தக் காவலர்கள் எவரும் 630 மைலும் நடந்ததில்லை. ஒருவனுக்கு ஒரு துண்டு. அது முடிகிற இடத்தில் அடுத்தவன் துண்டு ஆரம்பம். பின்னால் ஸர்க்கார் இதை நெடும்பாதை என்று அறிவித்ததுகூடத் தவணை முறையில்தான். 1973இல் கார்ன்வால் பகுதி, 1974இல் தெற்கு டெவனும் டார்ஸெட்டும், 1978இல் ஸாமர்ஸெட்டும் வடக்கு டெவனும். தொடக்க ஊரான மைன்ஹெட் கடைசியில்தான் வந்து சேர்ந்தது.

நான் நடந்ததைச் சொல்ல வேண்டுமானால் மொத்தம் தொண்ணூறு மைல். அதற்கு எடுத்துக்கொண்டது ஒன்பது வருஷம். வரிசையாகக்கூட அல்ல. மகள் பிரிஸ்டலில் இருக்கிறாள். போகும்போதெல்லாம் இரண்டு நாள், மூன்று நாள் என்று ஒரு துண்டு. கணக்கில் கெட்டிக்காரரான என் மாப்பிள்ளை ஒரு தடவை சொன்னார்:

“மாமா, இந்த வேகத்தில் போனால் மீதியை முடிக்க ஐம்பத்துநாலு வருஷம் ஆகும்.”

“முடிக்கப் போகிறேன் என்று நான் எப்போது சொன்னேன், மாப்பிள்ளை?”

“பின்னே எதுக்காக நடக்கிறீங்க?”

அதற்கு நான் பதில் சொல்லவில்லை. பஸ் வந்துவிட்டது.

பஸ் என்றதும் ஞாபகம் வருகிறது. விட்டு விட்டு நடக்கிறவன் கடலைவிட அட்டவணைகளைத்தான் அதிகம் பார்க்கிறான். காரை நடை முடிகிற ஊரில் நிறுத்திவிட்டு, பஸ் பிடித்து ஆரம்ப இடத்துக்குப் போய், காரை நோக்கி நடந்து வர வேண்டும். மாற்றிச் செய்தால் கடைசி பஸ் போயிருக்கும். தெற்கு டெவனில் எர்ம் என்று ஒரு சிற்றாறு குறுக்கிடுகிறது. மற்ற ஆறுகளுக்குப் படகு உண்டு, இதற்குக் கிடையாது. கடல் நீர் அடியோடு வடிந்திருக்கிற நேரத்துக்கு ஒரு மணி முன்னும் ஒரு மணி பின்னும்தான் இறங்கிக் கடக்கலாம். அந்த நேரத்தைத் தவறவிட்டால் சாலை வழியாகப் பல மைல் சுற்று. அதற்கும் கிழக்கே, டார்ஸெட்டில் லல்வொர்த் என்ற இடத்தில் ராணுவத்தின் பீரங்கிப் பயிற்சி மைதானம் பாதையின் குறுக்கே கிடக்கிறது. பெரும்பாலான சனி ஞாயிறுகளிலும் விடுமுறை நாட்களிலும் வாயிலைத் திறந்துவிடுவார்கள். மற்ற நாட்களில் குண்டுச் சத்தம். அந்த எல்லைக்குள் டைனம் என்று ஒரு கிராமம் இருக்கிறது. 1943 டிஸம்பரில் யுத்த தேவைக்காக ஊரைக் காலி செய்யச் சொன்னார்கள். ஜனங்கள் மாதா கோயில் கதவில், எங்கள் வீடுகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள், ஒரு நாள் திரும்பி வருவோம் என்ற கருத்தில் ஒரு கடிதம் ஒட்டிவிட்டுப் போனார்கள். திரும்பி வர விடவில்லை. இன்றைக்கு அங்கே கூரையில்லாத வீடுகளின் நடுவே சனிக்கிழமைக்காரர்கள் ரொட்டியும் பாலாடைக் கட்டியும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். ‘ஒரு நாள் திரும்பி வருவோம்’ என்று சொல்லிவிட்டுப் போவதும் ஒரு தவணைதானே.

பாதையே நின்று நிற்பதில்லை. மண் கரை சரிந்துகொண்டே இருக்கிறது. 2021 ஏப்ரலில் டார்ஸெட்டில் ஸீடவுன் என்ற இடத்துக்கு அருகே ஒரு பெரிய சரிவு. மலை முகத்தில் ஒரு நீண்ட துண்டு கடற்கரையில் வந்து குவிந்துவிட்டது. அப்படி நடக்கும்போதெல்லாம் பாதையை உள்ளே தள்ளிப் போடுகிறார்கள். ஆகவே நீங்கள் பத்து வருஷத்துக்கு முன் நிறுத்திய இடத்திலிருந்து தொடரலாம் என்று போனால், அந்த இடம் ஆகாயத்தில் இருந்தாலும் இருக்கும்.

இன்னொரு வேடிக்கை. மைன்ஹெட்டிலிருந்து புறப்பட்டவன் முதல் நாளோ இரண்டாம் நாளோ போர்லாக்கைத் தாண்டிக் கல்போன் காட்டுக்குள் நுழைகிறான். அந்தப் பக்கத்துப் பண்ணை வீடு ஒன்றில்தான் 1797இல் கோல்ரிட்ஜ், அபின் மயக்கத்தில் கண்ட கனவை ‘குப்ளா கான்’ என்ற கவிதையாக எழுதிக்கொண்டிருந்தாராம். போர்லாக்கிலிருந்து யாரோ ஓர் ஆள் காரியமாக வந்து கதவைத் தட்டி ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போனார். திரும்பி வந்து உட்கார்ந்தால் கவிதை மறந்துபோயிற்று. பாக்கி வரவே இல்லை. 1816இல் துண்டாகவே அச்சிட்டார். அந்தப் போர்லாக்காரரைத் திட்டாத இங்கிலீஷ் வாத்தியார் கிடையாது. அப்படி ஓர் ஆள் வந்தாரா, கவிஞர் முடிக்கத் தெரியாமல் கட்டிவிட்ட கதையா என்று சந்தேகப்படுகிறவர்களும் உண்டு. எனக்கென்னவோ அந்த ஆள்மேல் கோபமில்லை. இவ்வளவு நீளமான பாதையின் வாசலிலேயே, குறுக்கிட்டு நிறுத்துகிற ஒரு மனிதரை நிற்க வைத்தது பொருத்தமாகத்தான் இருக்கிறது.

இனிப் புஸ்தகங்கள்.

மார்க் வாலிங்டன் எழுதிய ‘ஐந்நூறு மைல் நடை’ 1986இல் வந்தது. (பெயரில் ஐந்நூறுதான்; இன்றைய கணக்குக்கு நூற்று முப்பது குறைவு.) பூகி என்ற நாயுடன் ஓர் இளைஞன் கரையைச் சுற்றுகிறான். நாய்க்கு நடப்பதில் சிரத்தை இல்லை. பையனுக்குக் கூடாரம் அடிக்கத் தெரியாது. ஹாஸ்யம் சரளமாக வருகிறது. ஊர் ஊராக ஒரே மாதிரி வருவதால் பாதிக்குமேல் சலிப்பும் வருகிறது. இதற்குமேல் அந்தப் புஸ்தகத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதற்கு ஒரு சந்ததி பிறந்தது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

இரண்டாவது, ஸைமன் ஆர்மிடேஜ் என்ற கவியின் ‘விலகி நடத்தல்’. 2015இல் வெளிவந்தது. இவர் 2019இல் ஆஸ்தான கவியானார். 2013 கோடையில் மைன்ஹெட்டிலிருந்து லாண்ட்ஸ் எண்ட் வரையில், அதாவது வடக்குக் கரையை மாத்திரம் நடந்தார். கையில் காசு இல்லாமல் போவது என்று பிரதிக்ஞை. ஒவ்வொரு நாள் மாலையும் ஒரு ஊரில் கவிதை படிப்பார். கேட்டவர்கள் காலுறை ஒன்றில் போடுவதை வாங்கிக்கொள்வார். யாராவது ஒருவர் வீட்டில் படுத்துக்கொள்வார். பழைய பாணர்களின் பிழைப்பு. நமக்குப் பரிச்சயமான பிழைப்புதான். கூர்மையான கண் அவருக்கு. ஒரு வாக்கியத்தில் ஒரு விடுதியையே நிறுத்திவிடுகிறார். என் ஆட்சேபணை வேறு. தினமும் இரவு எட்டு மணிக்கு ஒரு கூட்டம் காத்துக்கொண்டிருக்கிறது என்றால், பகலில் நடப்பது நடையா, கச்சேரிக்குப் போகிற பிரயாணமா? கடலைப் பார்க்கும்போதே அவர் கடியாரத்தையும் பார்ப்பது தெரிகிறது. முடித்தே தீருவேன் என்ற பதற்றம் இல்லாதது பெரிய விஷயம். பாதிப் பாதையைப் பாதி என்று ஒப்புக்கொள்கிற ஆசிரியர் இவர் ஒருவர்தான். மீதிக்குத் திரும்பி வந்திருந்தால் என்ன எழுதியிருப்பார் என்று எனக்கு ஆசையாக இருக்கிறது.

மூன்றாவது, ரேனார் வின் எழுதிய ‘உப்புப் பாதை’. 2018. மூன்றிலும் பலமான புஸ்தகம் இதுதான். ஆகவே குறையும் இதில்தான் பெரியது.

சிநேகிதர் ஒருவரின் வியாபாரத்தில் பணம் போட்டு, வழக்கில் தோற்று, ஒரு தம்பதி வீட்டை இழக்கிறார்கள். அதே வாரத்தில் கணவருக்குத் தீராத நரம்பு நோய் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். ஜப்திக்கு வந்தவர்கள் கதவைத் தட்டும்போது மாடிப்படிக்கு அடியில் ஒளிந்துகொண்டிருக்கும் அந்த அம்மாளின் கண்ணில் ஒரு பழைய புஸ்தகம் படுகிறது. அது வாலிங்டனின் நாய்ப் புஸ்தகம். சரி, நாமும் நடப்போம் என்று தீர்மானிக்கிறாள். நான் சொன்ன சந்ததி இதுதான். விளையாட்டாக எழுதிய ஒரு புஸ்தகம் முப்பது வருஷம் கழித்து யார் வீட்டு மாடிப்படிக்கு அடியில் எப்படி வேலை செய்யும் என்று எழுதியவனுக்குத் தெரியாது.

பசியைப் பற்றி இந்த அம்மாள் எழுதியிருக்கும் பக்கங்கள் உயர்ந்தவை. வாரத்துக்கு வருகிற சொற்ப உதவித்தொகையை இயந்திரத்திலிருந்து எடுப்பது, மாவு நூலை வேகவைத்து இருவர் பங்கிடுவது, மிட்டாய்க் கடை வாசலில் நின்று விலைப் பலகையைப் படிப்பது எல்லாம் கண்முன் நிற்கின்றன. ஒரு நல்ல வேடிக்கையும் உண்டு. அதே 2013 கோடையில் ஆர்மிடேஜ் அந்த வழியாக வருகிறார் என்ற சேதி பரவியிருந்தபடியால், ஊர்க்காரர்கள் இவள் கணவரையே அந்தக் கவி என்று நினைத்து உபசாரம் செய்கிறார்கள். ஒரே பாதையில் இரண்டு காசில்லாதவர்கள். ஒருவருக்கு அது விரதம், ஒருவருக்கு அது விதி. உபசாரம் விரதத்துக்குத்தான் கிடைக்கிறது. நாவலாசிரியன் எவனும் பொறாமைப்படுகிற சம்பவம்.

இன்னொரு கட்டம். வழியில் சந்திக்கிறவர்கள், இவ்வளவு நாள் நடக்க உங்களுக்கு எப்படி ஒழிந்தது என்று கேட்கிறார்கள். வீடு போய்விட்டது என்று உண்மையைச் சொன்னால் அவர்கள் முகம் மாறுகிறது. நாயை இழுத்துப் பிடித்துக்கொள்கிறார்கள். ஆகவே, வீட்டை விற்றுவிட்டோம், காற்று அடிக்கிற பக்கம் போகிறோம் என்று தம்பதிகள் சொல்லப் பழகிக்கொள்கிறார்கள். அதைக் கேட்டவர்கள் ஆஹா என்கிறார்கள். கேட்கிறவனுக்குப் பிடித்த வடிவத்தில் கதையைத் திருத்திச் சொன்னால்தான் உலகம் அருகே வரும் என்று அந்தப் புஸ்தகமே சொல்லிவிடுகிறது.

2025 ஜூலையில் லண்டன் ‘அப்ஸர்வர்’ பத்திரிகை இந்தப் புஸ்தகத்தைப் பற்றி ஒரு நீண்ட விசாரணைக் கட்டுரை வெளியிட்டது. வீடு போன விதம் புஸ்தகத்தில் சொன்னபடி இல்லை என்றும், நோயைப் பற்றிச் சொன்னதிலும் சந்தேகங்கள் இருக்கின்றன என்றும் அது எழுதியது. ஆசிரியை அந்தக் கட்டுரை தவறான எண்ணத்தைத் தருவது என்று மறுத்து, வைத்தியர்களின் கடிதங்களையும் வெளியிட்டார். நான் நீதிபதி அல்ல. யார் சொல்வது மெய் என்று தீர்ப்பளிக்க எனக்கு யோக்கியதை இல்லை. இருபது லக்ஷம் பிரதிக்குமேல் விற்ற புஸ்தகம், ஸினிமாவாகவும் வந்தது. ஆகவே ஆர்ப்பாட்டத்துக்குக் குறைவில்லை.

விமரிசகனுக்கு அகப்படுவது பக்கங்கள்தான். பக்கங்களில் ஒரு விஷயம் ஆரம்பத்திலிருந்தே என்னை உறுத்திற்று. இந்தத் தம்பதிகளும் உண்மையில் தவணையாக நடந்தவர்கள். 2013இல் மைன்ஹெட்டிலிருந்து புறப்பட்டு லாண்ட்ஸ் எண்டைச் சுற்றிக்கொண்டு தெற்குக் கரைக்கு வந்தார்கள். குளிர்காலத்துக்கு நிறுத்திவிட்டு, ஒரு சிநேகிதியின் இடத்தில் தங்கினார்கள். அடுத்த கோடையில் மறுமுனையாகிய பூலிலிருந்து ஆரம்பித்து, விட்ட இடத்தை நோக்கி நடந்தார்கள். இடையில் இருந்த அந்தக் குளிர்காலம் புஸ்தகத்தில் சில பக்கங்களில் ஓடிப்போகிறது. அந்தக் காலத்தில்தான் கணவரின் உடம்பு மறுபடி மோசமாகிறது. கூரைக்கு அடியில் சும்மா இருந்தால் நோய் கூடுகிறது, மலையேறினால் குறைகிறது. புஸ்தகத்துக்கு இது ரொம்ப சௌகரியம். ஆனால் நான் நின்று பார்க்க விரும்பியது அந்தக் குளிர்காலத்தைத்தான். தயவில் ஒருவர் வீட்டில் தங்கியிருப்பவர்களின் காலை நேரம் எப்படி இருக்கும்? சமையலறையில் யார் முதலில் எழுந்து போவது? நடந்துகொண்டிருந்தபோது இருந்த கௌரவம் நின்றதும் எங்கே போகிறது? இதையெல்லாம் எழுதக்கூடிய கை அது. எழுதவில்லை. கடற்கரைக்குத் திரும்ப அவசரம்.

பாதை மருந்தாக வேண்டும் என்று புஸ்தகத்தின் கட்டு கேட்கிறது. மருந்து என்றால் இடைவெளி விடக்கூடாது. வேளை தவறாமல் சாப்பிட வேண்டும். நாவலில் கதாநாயகன் நடந்து நடந்து குணமாகிவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. மெய்யான சரித்திரம் என்று அட்டையில் போட்டுக்கொண்டு அதைச் சொன்னால், அதே நோயோடு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற ஒருவர் அதைப் படிக்கிறார். நான் ஏன் எழுந்திருக்கவில்லை என்று தன்னைக் கேட்டுக்கொள்கிறார். அவர் மனைவியும் வாய்விட்டுச் சொல்லாமல் கேட்டுக்கொள்கிறாள். எழுத்து எவ்வளவு நன்றாக இருக்கிறதோ அவ்வளவு பலமாக அந்தக் கேள்வி விழும். பத்திரிகைக்காரர்கள் கண்டுபிடித்தது சரியோ தவறோ, இந்தக் குறை அவர்கள் வருவதற்கு முன்பே அங்கே இருந்தது.

மூன்று புஸ்தகங்களையும்விட எனக்கு அதிகம் சொன்ன புஸ்தகம் ஒன்று உண்டு. அதற்கு ஆசிரியர் இல்லை என்றே சொல்லலாம். டெவனில் ஒரு பழைய சாமான் கடையில் சில்லறைக் காசுக்கு வாங்கிய வழிகாட்டி நூல். எந்த முளையில் திரும்புவது, எந்த வேலிப் படியைத் தாண்டுவது என்று மாத்திரம் சொல்லும் வகை. முன்பு வைத்திருந்தவர் ஓரங்களில் பென்ஸிலால் தேதி போட்டிருக்கிறார். முதல் தேதி 1991. கடைசித் தேதி 2008. பக்கத்தில் இரண்டொரு வார்த்தை. மழை. ஷூ கடித்தது. மூடுபனி, ஒன்றும் தெரியவில்லை. இரண்டு கையெழுத்து இருக்கிறது. ஒன்று சாய்வு, ஒன்று நேர். சாய்வுக் கையெழுத்துக்கு எப்போதும் பறவைகள்தான். 1998க்கும் 2003க்கும் நடுவில் ஒரு தேதிகூட இல்லை. அதற்குப் பிறகு நேர்க் கையெழுத்து மாத்திரம். ஆனால் பறவைகளின் பெயரை இப்போது அது எழுதத் தொடங்கியிருக்கிறது.

அந்த ஐந்து வருஷத்தில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. கதை பண்ணவும் நான் முயலவில்லை. ஒருவேளை சாய்வுக் கையெழுத்துக்காரருக்கு முழங்கால் வலியாக இருக்கலாம். காரில் உட்கார்ந்து பிளாஸ்கிலிருந்து காப்பி குடித்துக்கொண்டு காத்திருந்திருக்கலாம். அந்த வெற்று ஓரத்தை ஒரு ஆசிரியன் நிரப்பாமல் விட்டிருந்தால் அவனை நான் பெரிய ஆசிரியன் என்பேன்.

அப்படி ஒருவர் அந்தக் கரையில் இருந்தார். தாமஸ் ஹார்டி.

1870 மார்ச்சில், கட்டிடக் கலைஞராக வேலை பார்த்துக்கொண்டிருந்த ஹார்டி, இடிந்துகொண்டிருந்த ஒரு மாதா கோயிலை அளந்து பார்க்க வடக்குக் கார்ன்வாலுக்கு வந்தார். பாஸ்கேஸிலுக்கு அருகே ஸெயிண்ட் ஜூலியட் என்ற இடம். பாதிரியாரின் மைத்துனி எம்மாவைச் சந்தித்தார். அவள் குதிரைமேல், இவர் பக்கத்தில் நடந்துகொண்டு, பீனி என்ற செங்குத்துப் பாறையின் உச்சியில் சுற்றினார்கள். அந்த நினைவு ஈரம் காய்வதற்குள் ‘ஒரு ஜோடி நீலக் கண்கள்’ என்ற நாவலை எழுதினார். 1872 செப்டம்பரிலிருந்து 1873 ஜூலை வரையில் ஒரு மாதப் பத்திரிகையில் அது தொடர்கதையாக வந்தது. அதில் நைட் என்பவன் கடல் பாறையிலிருந்து வழுக்கி, விளிம்பைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறான். அந்த நிலையிலேயே அவனை விட்டுவிட்டு மாத இதழ் முடிந்தது. வாசகர்கள் ஒரு மாதம் காத்திருந்தார்கள். இன்று ஸினிமாக்காரர்கள் ‘பாறையில் தொங்கவிடுவது’ என்று இங்கிலீஷில் சொல்கிறார்களே, அந்த வார்த்தை இங்கிருந்துதான் வந்தது என்கிறார்கள். அதற்குத் திடமான அத்தாட்சி கிடையாது. நைட் தொங்கும்போது அவன் கண்ணுக்கு நேரே பாறையில் பதிந்திருக்கும் ஒரு பழம் ஜந்துவின் கல்லான கண்கள் அவனைப் பார்க்கின்றன. யுகங்களுக்கு முன் செத்த பிராணியும் சாகப்போகிற மனிதனும் நேருக்கு நேர். கதாநாயகி தன் உள்ளாடைகளைக் கிழித்துக் கயிறு திரித்து அவனைக் காப்பாற்றுகிறாள். கொஞ்சம் அபத்தம்தான். ஆனால் மறக்காது.

தொடர்கதையில் வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1950லிருந்து 1954 வரையில் வாரா வாரம் ‘பொன்னியின் செல்வன்’ படித்தவர்கள், நடுவில் கல்யாணம் செய்துகொண்டார்கள், ஊர் மாறினார்கள், தாயாரை இழந்தார்கள். கட்டுப் போட்ட ஐந்து பாகத்தையும் ஒரு கோடை விடுமுறையில் படிக்கிறவனுக்கு அந்த வந்தியத்தேவன் கிடைக்க மாட்டான். அவன் படிப்பது வேறு கதை.

இருந்தாலும் தொடர்கதையின் இடைவெளி ஆசிரியன் கணக்குப் பண்ணி விடுகிற இடைவெளி. ஹார்டிக்கு இன்னொரு இடைவெளி காத்திருந்தது. அதை அவர் கணக்குப் பண்ணவில்லை. எம்மாவை 1874இல் மணந்தார். புகழ் வந்தது. டார்செஸ்டரில் சொந்த வீடு கட்டினார்கள். மனஸ்தாபம் வளர்ந்தது. கடைசி வருஷங்களில் ஒரே வீட்டில் அவள் மேல்மாடத்தில், இவர் படிக்கும் அறையில் என்று வாழ்ந்தார்கள். 1912 நவம்பரில் அவள் இறந்தாள். அவளுடைய காகிதங்களில், கார்ன்வாலில் கழித்த இளமையைப் பற்றி அவள் எழுதி வைத்திருந்த குறிப்புகள் இவருக்கு அகப்பட்டன.

1913 மார்ச்சில், எழுபத்திரண்டு வயதில், தம்பியைக் கூட்டிக்கொண்டு ஹார்டி அதே பாறை விளிம்புக்குத் திரும்பிப் போனார். முதல் நடைக்கும் இந்த நடைக்கும் நடுவில் நாற்பத்துமூன்று வருஷம். தூரம் சில மைல்தான். அந்தச் சமயத்தில் எழுதிய கவிதைகள் 1914இல் வந்தன. அவர் எழுதியவற்றிலேயே அவைதான் சிறந்தவை என்பவர்கள் உண்டு, நானும் அந்தக் கட்சி. அவற்றில் அவர் தெளிவடையவில்லை. குணமாகவில்லை. மன்னிப்புக் கேட்டு மன்னிக்கப்படவும் இல்லை. கேட்பதற்கு ஆள் இல்லை. குதிரைமேல் இருந்த பெண் ஒருத்தி, மேல்மாடத்தில் இருந்த கிழவி ஒருத்தி. இருவரையும் ஒருத்தியாக்க அவர் அவசரப்படவே இல்லை. நடுவில் என்ன நடந்தது என்றும் விஸ்தரிக்கவில்லை. பாறை மட்டும் அன்றைக்கு இருந்தபடியே இருக்கிறது என்பதை ஒரு குற்றச்சாட்டைப் போலப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். 630 மைல் நடந்த புஸ்தகங்களில் எனக்குக் கிடைக்காத கடற்கரை, இந்தச் சில மைலில் கிடைத்தது.

இளமையில் அவர் அளந்து பழுதுபார்த்த அந்த மாதா கோயிலில் எம்மாவுக்கு ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. அதற்கு வரைபடம் போட்டுக் கொடுத்தவர் அவரே. நான் இன்னும் அதைப் பார்க்கவில்லை. பாஸ்கேஸிலில் நான் இருந்த அன்று மழை, பள்ளத்தாக்குக்குள் போய்த் திரும்ப மூன்று மணி நேரமாவது வேண்டும், பஸ் நாலேகாலுக்கு. அடுத்த தடவை போகும்போது பார்க்க வேண்டும்.